கீழ்விளிம்பிலிருந்து தொடங்குங்கள்: பிள்ளைகளுக்குத் துருவ ஒளி வரையக் கற்றுத்தரும் முறை

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் இரவு வானில் தோன்றும் துருவ ஒளியைக் கைப்பேசியில் காட்டி, அதை வரையுமாறு சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் பச்சை நிறப் புகையைத்தான் வரைவார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் ஓவிய வகுப்பிலும் முதல்முறை அப்படித்தான் நடந்தது. அவர்கள் ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளின் மேல் கவியும் பனிமூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். தாங்கள் கண்டதைக் கொண்டுதான் காணாததை வரைவார்கள். ஆகவே, அவர்கள் கண்டவற்றுள் துருவ ஒளிக்கு மிக நெருக்கமானது எது என்று நான்தான் தேடியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மாலை, மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்றை மாடிக் கொடியில் தொங்கவிட்டு, காற்று வீசும்வரை பிள்ளைகளைக் காத்திருக்கச் சொன்னேன். புடவை அசைந்தபோது அதன் கீழ்க்கரை ஒரு தெளிவான கோடாக நெளிந்தது. அந்தக் கோட்டிலிருந்து மடிப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக மேல்நோக்கி எழுந்தன. மடிப்பு திரும்பும் இடங்களில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து நிறம் அடர்ந்து தெரிந்தது. துருவ ஒளித் திரையும் ஏறக்குறைய இதே அமைப்பை உடையது. கீழ்விளிம்பு கூர்மையாகவும், மேற்புறம் மெல்ல மெல்ல மங்கி இருளில் கரைவதாகவும் இருக்கும். திரை மடியும் இடங்களில் நம் பார்வை அதிக ஒளியை ஊடுருவிச் செல்வதால் அங்கே வெளிச்சம் கூடும். இந்த ஒன்றைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் வண்ணமும் கருவியும் எதுவாக இருந்தாலும் படம் சரியாக அமையும் என்பது என் உறுதியான கருத்து.

வரையத் தொடங்கும் முன் அரைமணி நேரத்தைக் காந்தத்திற்கு ஒதுக்குங்கள். மழைநீர் ஓடி வற்றிய தெருவோரத்தில் ஒதுங்கும் கருமணலில் ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு இழுத்தால் இரும்புத்தாதுத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். காந்த இரும்புத்தாதுக்குப் பெயர்பெற்ற கஞ்சமலையின் அடிவாரத்தில் ஊரை வைத்திருக்கும் நமக்கு இது கடினமான காரியமன்று. ஒரு சட்ட காந்தத்தின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, அந்தத் துகள்களைத் தூவி, தாளை விரலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். காந்தத்தின் இரு முனைகளிலும் துகள்கள் மயிர்க்கூச்செறிந்தாற்போல நிமிர்ந்து நிற்கும். நடுப்பகுதியில் காந்தத்தை ஒட்டியே படுத்திருக்கும். பூமியும் ஒரு பெரிய காந்தம். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் அதன் காந்தப்புலக் கோடுகளின் வழியே துருவங்களுக்கு அருகில் இறங்கிக் காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றோடு மோதும்போது ஒளி பிறக்கிறது. ஒளித்திரையில் தெரியும் செங்குத்தான கதிர்கள், அந்தக் கோடுகளின் திசையைத்தான் காட்டுகின்றன.

ஏற்காட்டில் ஏன் இது தெரிவதில்லை என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது. வடக்கு நார்வேயின் ட்ரோம்சோ நகரம் 69 பாகைக்கும் மேலான வட அகலாங்கில், கோடுகள் நிமிர்ந்து நிற்கும் பகுதியில் இருக்கிறது. 12 பாகைக்கும் உட்பட்ட சேலத்தில் அவை தரைக்கு ஏறக்குறையக் கிடையாகச் செல்கின்றன. மிக வலிய சூரியப் புயல் வீசும்போது ஒளி வழக்கத்தைவிடத் தெற்கேயும் தென்படும். 2024 மே மாதம் 10, 11 தேதிகளில் வீசிய புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானின் செந்நிறத்தைப் படம்பிடித்தார்கள்.

நிறங்களை மனப்பாடமாகச் சொல்லித்தராமல் உயரத்தோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். சேலத்திலிருந்து கரூருக்குச் செல்லும் சாலையை அப்படியே நிமிர்த்தி வானில் நிறுத்தினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வரும். திரையின் கீழ்விளிம்பு அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே காற்று அடர்ந்துவிடுவதால் பெரும்பாலான துகள்கள் மேற்கொண்டு இறங்க முடியாமல் நின்றுவிடுகின்றன. விளிம்பு கூர்மையாகத் தெரிவதற்கு அதுவே காரணம். அங்கிருந்து மேலே பரவும் பச்சை ஆக்சிஜனுடையது. பெங்களூருச் சாலையை நிமிர்த்தினால் வரும் 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிர்கிறது. பச்சை ஒளியை வெளிவிட ஆக்சிஜன் அணுவுக்கு ஒரு நொடிகூட வேண்டியதில்லை. சிவப்பு ஒளிக்கோ இரண்டு நிமிடம் வரை பொறுத்திருக்க வேண்டும். கீழே காற்று நெரிசலாக இருப்பதால் அதற்குள் வேறோர் அணு வந்து இடித்து, அந்தச் சிவப்பைப் பிறக்கவிடாமல் செய்துவிடும். பெரிய பிள்ளைகள் இதை மிகவும் ரசித்துக் கேட்பார்கள். வலுவான ஒளியின் அடிவிளிம்பில் சில நேரம் தெரியும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நைட்ரஜனுடையவை.

இனி வரையும் முறைக்கு வருவோம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கருப்பு சார்ட் பேப்பரும் கலர் சாக்பீஸும் போதும். சாக்பீஸ் நொறுங்கித் தூள் பறக்கும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் உட்காரவையுங்கள். வீசிங் தொந்தரவு உள்ள பிள்ளைக்கு அதற்குப் பதிலாக ஆயில் பேஸ்டல் கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நீளவாக்கில், நெளிநெளியாகக் கையால் கிழிக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் விளிம்பு இறுகிப்போய் உயிரில்லாமல் தெரியும். அட்டையின் கிழிந்த விளிம்பில் பச்சைச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துத் தூள் படியவைத்து, அந்த விளிம்பு மேற்பக்கம் இருக்கும்படி சார்ட்டின் நடுவே வைத்து, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையின் ஆள்காட்டி விரலால் தூளை அட்டையிலிருந்து சார்ட்டின் மேல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் பக்கத்து இழுப்புக்கு இணையாக இருக்க வேண்டும். நீளம் மட்டும் கூடியும் குறைந்தும் இருக்கலாம். அட்டையை எடுத்ததும், கீழே கூரிய விளிம்பும் மேலே கரையும் ஒளியுமாக ஒரு திரை நிற்பதைக் கண்டு பிள்ளைகள் ஒரு கணம் பேச்சற்றுப் போவார்கள். அந்தக் கணத்தில் நீங்களும் பேசாதிருங்கள்.

அடுத்து, பச்சை மங்கும் உயரத்தில் சிவப்பை மிகக் குறைவாகத் தொட்டு, அதே திசையில் இழுக்கலாம். இளஞ்சிவப்பு கீழ்விளிம்பில் ஒரு நூலிழை அளவுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு எல்லா நிறங்களையும் ஒரே படத்தில் கொட்டிவிட ஆசை வரும். அதைத் தடுக்காமல், வேறொரு தாளைக் கொடுத்து அங்கே கொட்டச் சொல்வது என் வழக்கம். நான் கண்டிப்பாகத் தடுப்பது ஒன்றைத்தான்: விரலைப் பக்கவாட்டில் தேய்ப்பது. ஒருமுறை தேய்த்தாலும் திரை மறுபடியும் புகையாகிவிடும்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நம் ஊர்ச் சேகோவுக்கு (ஜவ்வரிசிக்கு) மூலமான மரவள்ளி ஸ்டார்ச்சே நல்ல ஊடகம். ஒரு பங்கு மரவள்ளி ஸ்டார்ச் மாவை ஆறு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல ஆகும்வரை பெரியவர்கள் கிளறிக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். கெட்டியான டிராயிங் தாளுக்கு முதல்நாளே கருநீலப் போஸ்டர் கலர் பூசிக் காயவைத்திருங்கள். ஆறிய கஞ்சியில் பச்சைப் போஸ்டர் கலரைக் கலந்து, கீழ்விளிம்பாக அமைய வேண்டிய இடத்தில் ஒரு நெளிகோடாகத் தடித்து வைத்து, பழைய சீப்பால் மேல்நோக்கி ஒரே மூச்சில் இழுக்கச் சொல்லுங்கள். சீப்பின் பற்கள் கதிர்களைத் தாமாகவே பிரித்துக் கொடுக்கும். கஞ்சி உடனே காயாது. பிடிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் இழுக்கலாம் என்பதால் கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

விண்மீன்களைக் கடைசியில்தான் தெளிக்க வேண்டும். துருவ ஒளி மிக மெல்லியது என்பதால் அதன் ஊடாகவே விண்மீன்கள் தெரியும்; ஒளியின் மேலும் சில புள்ளிகள் விழட்டும். பழைய டூத் பிரஷை வெள்ளைப் போஸ்டர் கலரில் தோய்த்து, அதிகப்படியானதை உதறிவிட்டு, கட்டைவிரலால் தெறிக்கவைத்தால் போதும்.

அடியில் வரும் நிலக்காட்சியைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் படத்தில் உண்மையான இடமே வரட்டும்: பனி மூடிய மலை, ஊசியிலை மரங்கள், கடல் உள்நுழைந்த பள்ளத்தாக்கு. இரண்டாவது படத்தில் ஏற்காட்டு ஏரியையும், காப்பித் தோட்டங்களில் நெடுநெடுவென நிற்கும் சில்வர் ஓக் மரங்களையும் கருநிழலாக வரைந்து, அவற்றின் மேல் ஒளித்திரையைத் தொங்கவிடலாம். இது நம் கற்பனை என்று பிள்ளைகள் தாங்களே தாளின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். எது கண்டது, எது கருதியது என்ற தெளிவோடு கற்பனை செய்யும் பிள்ளை இன்னும் துணிந்து வரையும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைகளுக்கு மூன்றாவது படம் ஒன்று காத்திருக்கிறது. நேராக நிற்கும் மரங்கள் யாவும் உச்சியில் ஒரு புள்ளியை நோக்கிச் சாய்வதாகத் தோன்றும் அல்லவா? துருவ ஒளி தலைக்கு நேர் மேலே வரும்போது அதன் இணைகதிர்களும் அவ்வாறே ஒரு புள்ளியில் கூடுவதாகத் தெரியும். தாளின் நடுவே ஒரு புள்ளி வைத்து, நடுவில் வட்டமாகக் கிழித்தெடுத்த அட்டையை அதைச் சுற்றிலும் விலகி நிற்கும்படி வைத்து, உள்விளிம்பில் படிந்த தூளை எல்லாப் பக்கமிருந்தும் அந்தப் புள்ளியை நோக்கி இழுக்க வேண்டும்.

முடித்த சாக்பீஸ் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். சுவரில் மாட்டிய பின் அறை விளக்கை அணைத்து, டார்ச்சை மெல்லிய துணியால் மூடி, சற்றுத் தொலைவிலிருந்து பிடியுங்கள். மங்கிய வெளிச்சத்தில் பச்சை வெளிறிச் சாம்பல் நிறமாகத் தெரியும். துணியை விலக்கியதும் நிறம் திரும்பி வரும். மெல்லிய துருவ ஒளியை நேரில் பார்ப்பவர்களின் கண்ணுக்கும் அது பல நேரம் சாம்பல் நிறமாகவே தெரிகிறது என்பதையும், ஒளியை நெடுநேரம் சேர்த்துவைக்கும் கேமராதான் அடர்பச்சையைக் காட்டுகிறது என்பதையும் அப்போது சொல்லுங்கள்.