சிஏ3046 சிப்பு வச்சு வீட்டிலயே லேடர் ஃபில்ட்டர் கட்டுறது எப்படி

ராத்திரி ஆத்துக்கு அந்தக் கரையில கோயில் கொடை நடக்குதுன்னு வைங்க. இங்கன மொட்டைமாடியில படுத்துக் கெடக்கிற நமக்கு என்ன பாட்டுன்னே தெரியாது, தும் தும்னு அடி மட்டும் வரும், பாலத்துல ஏறி நடந்து பக்கத்துல போகப் போக நாயனம், தாளம், பாடுறவர் குரல்னு ஒவ்வொண்ணா தெளிஞ்சு வரும். அந்த நடையை ஒரே ஒரு குமிழ்ல அடக்குனா அதுதான் லோபாஸ் ஃபில்ட்டர். சிந்தசைசர்ல ஆசிலேட்டர் (சத்தத்தை உண்டாக்குற சர்க்யூட்) யார் செஞ்சாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கத்தும், அதுக்கு வாயும் தொண்டையும் வைக்கிறது ஃபில்ட்டர்தான், அதனால அதை மட்டும் அவசரப்படாம நல்லா கட்டணும்னு சொல்லுதேன்.

நான் கட்டினது டிரான்சிஸ்டர் லேடர். ராபர்ட் மோக் 1969ல பேட்டன்ட் வாங்கின அதே அமைப்பு, 1970ல வந்த மினிமோக்ல இருக்கிறதும் இதுதான் (மூக் இல்ல, மோக்னு சொல்லணும்). ஏணி மாதிரி ரெண்டு காலு, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டோட எமிட்டருக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் (பேஸ், எமிட்டர், கலெக்டர்ங்கிறது டிரான்சிஸ்டரோட மூணு காலு). இப்படி நாலு படி, அடியில சத்தம் உள்ள வாரதுக்கு ஒரு ஜோடி, ஆக மொத்தம் பத்து டிரான்சிஸ்டர். கட்டாஃப்புக்கு (ஃபில்ட்டர் வெட்ட ஆரம்பிக்கிற இடம்) மேல ஃப்ரீக்வன்சி ரெட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் பதினாறுல ஒரு பங்கா இறங்கும், 24 டெசிபல்னு சொல்லுதாங்களே அது.

ஒத்தை டிரான்சிஸ்டர் பிசி547 தான் ஒரு ரூவா ரெண்டு ரூவாக்கு கிடைக்குதே அதை வச்சே கட்டலாமேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். நூறு பிசி547 வாங்கி ஒரு மே மாசத்து மத்தியானம் உக்காந்து ஒவ்வொண்ணா பேஸ் எமிட்டர் வோல்ட்டேஜ் அளந்து காயிதத்துல ஒட்டி ஜோடி சேத்து வச்சேன், சாயங்காலம் திரும்ப அளந்தா ஒரு ஜோடி கூட சொன்ன இடத்துல இல்ல. காரணம் இதுதான், ஒரு டிகிரி சூடு ஏறினா அந்த வோல்ட்டேஜ் 2 மில்லிவோல்ட் இறங்கும், விரலால தொட்டாலே மாறும், ஃபேன் காத்து ஒண்ணு மேல பட்டு இன்னொண்ணு மேல படலைன்னாலும் மாறும். நம்ம பாளையங்கோட்டை வெயில்ல இது சின்ன விஷயம் இல்ல. ஏணியில ரெண்டு காலும் சமமா இல்லைன்னா குமிழைத் திருப்பும்போதெல்லாம் டொம்முன்னு ஒரு இடி சத்தம் ஸ்பீக்கர்ல வரும். சிஏ3046ல அஞ்சு டிரான்சிஸ்டரும் ஒரே சிலிக்கன் துண்டுல இருக்கு, ஒண்ணு சுட்டா எல்லாம் சேந்து சுடும், ஆறினா சேந்து ஆறும். சிப்புக்குப் போறது இதுக்காகத்தான்.

பழைய ஸ்டாக்காத்தான் தேட வேண்டியிருக்கும், எல்எம்3046ம் சிஏ3086ம் அதே பின் வரிசைதான். ஜங்ஷன் பக்கம் ரேடியோ சாமான் கடையில கேட்டப்போ அண்ணாச்சி "இதெல்லாம் டிவி மெக்கானிக் காலத்துச் சாமான்லா தம்பி"ன்னு டப்பா டப்பாவா கவுத்து ரெண்டு எடுத்துக் குடுத்தாரு, மிச்சம் கூரியர்ல வரவழைச்சேன். வந்ததும் மல்டிமீட்டரை டயோடுல வச்சு சோதிச்சிருங்க. கால் நம்பர் இப்படி: பேஸ் 2, 4, 6, 9, 12. அதுக்கு ஏத்த எமிட்டர் 3, 3, 7, 10, 13. கலெக்டர் 1, 5, 8, 11, 14. செவப்பு முனையை 13ல வச்சு கருப்பு முனையை எந்தக் கலெக்டர்ல வச்சாலும் டயோடு காட்டணும், ஏன்னா 13 தான் அந்தச் சிலிக்கனோட அடித்தட்டு. காட்டலைன்னா அது வேற ஏதோ சிப்பு, பேரை அழிச்சு அடிச்சு வித்திருக்காங்கன்னு அர்த்தம்.

அந்த 13ஐப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், எனக்கு ஒரு சிப்பு போனது இதுலதான். 13 எப்பவும் அந்தச் சிப்புல இருக்கிற எல்லாத்தையும் விட கீழ் வோல்ட்டேஜ்ல இருக்கணும், அதே நேரம் கலெக்டருக்கும் அதுக்கும் நடுவுல 20 வோல்ட்டத் தாண்டக்கூடாது. நான் யோசிக்காம எல்லா 13ஐயும் மைனஸ் 12ல கட்டினேன், உச்சிப் படியோட கலெக்டர் பிளஸ் 12ல இருந்துச்சு, கூட்டினா 24. அதனால இப்ப ஏணிச் சிப்பு நாலுக்கும் (படிக்கு ஒண்ணு) 13 கிரவுண்டுல, கட்டாஃப் கன்ட்ரோலுக்குப் போடுற அஞ்சாவது சிப்புக்கு மட்டும் 13 மைனஸ் 12ல.

ஒரு சிப்புல முதல் ரெண்டு டிரான்சிஸ்டருக்கு எமிட்டர் உள்ளயே ஒண்ணா இருக்கு, அது படிக்கு ஆகாது. அஞ்சாவது டிரான்சிஸ்டரோட எமிட்டர் அந்த 13லயே மாட்டிக்கிட்டு இருக்கு. படிக்கு ஆகுறது 6, 7, 8ம் காலும் 9, 10, 11ம் காலும் தான். அதனால படிக்கு ஒரு சிப்பு. வீணாப் போகுதேன்னு எனக்கும் மனசு கேக்கலை, ஆனா வயரிங் அவ்வளவு சுத்தமா வருது. ஏணிச் சிப்பு நாலுல மட்டும், சும்மா இருக்கிற 1லேருந்து 5 வரைக்கும், அப்புறம் 12, 14 எல்லாத்தையும் கிரவுண்டுல கட்டிருங்க, அதுல ஒண்ணாம் சிப்புக்கு மட்டும் 1லேருந்து 5 வரை வேலை இருக்கு.

பவருக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், 7812, 7912. 7912ல கால் வரிசை வேற, நடுக்கால் தான் இன்புட், 7812 மாதிரி நினைச்சு மாட்டிராதீங்க. பேஸ் எல்லாத்துக்கும் வோல்ட்டேஜ் குடுக்க பிளஸ் 12லேருந்து கிரவுண்டு வரைக்கும் ஒரு ரெசிஸ்டர் சங்கிலி: மேல 3.9 கே, அதுக்குக் கீழ 1.5 கே நாலு, அடியில 2.2 கே. கீழேருந்து மேல 2.2, 3.7, 5.2, 6.6, 8.1 வோல்ட் வாக்குல வரும். ஒவ்வொரு முனையிலயும் கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோ கெப்பாசிட்டர், அடி முனைக்கு 100 மைக்ரோ.

ஒண்ணாம் சிப்புல 2க்கும் 4க்கும் தனித்தனியா 220 ஓம் வச்சு அந்த 2.2 வோல்ட் முனையில கட்டுங்க. சத்தம் 1 மைக்ரோ கெப்பாசிட்டர், 47 கே வழியா 2க்கு வரட்டும். 5 வோல்ட் சிக்னல் அங்க வந்து சேரும்போது 23 மில்லிவோல்ட் தான் இருக்கும், அவ்வளவுதான் இந்த ஏணிக்குத் தாங்கும், அதுக்கு மேல போனா கரகரப்பு சேரும், அந்தக் கரகரப்பு நல்லாவும் இருக்கும். 1ஐ 7லயும் 5ஐ 10லயும் சேருங்க. 6ம் 9ம் சேந்து 3.7 வோல்ட்டுக்கு. 8ம் 11ம் மேல் சிப்போட 7, 10க்குப் போகும். இப்படியே நாலாவது வரைக்கும் பேஸ் வோல்ட்டேஜை மட்டும் ஒவ்வொரு படியா ஏத்திக்கிட்டுப் போங்க, உச்சியில 8ம் 11ம் நேரா பிளஸ் 12ல. நாலு சிப்புலயும் 7க்கும் 10க்கும் நடுவுல 68 நானோ பாலியஸ்டர் கெப்பாசிட்டர், செராமிக் டிஸ்க் போடாதீங்க.

இந்த 68 நானோவுக்குக் கணக்கு இப்படி: ஒண்ணாம் சிப்போட 3லேருந்து 44 மைக்ரோ ஆம்பியர் இழுத்தா கட்டாஃப் 1000 ஹெர்ட்ஸ், பத்து மடங்கு இழுத்தா பத்து மடங்கு. அந்த இழுவையை அஞ்சாவது சிப்பு பாத்துக்கிடும். அதோட 2 கிரவுண்டுல, 1க்கு பிளஸ் 12லேருந்து 1.2 மெக் வழியா 10 மைக்ரோ ஆம்பியர். டிஎல்072 ஓப்ஆம்ப்போட மைனஸ் இன்புட்டை 1ல சேருங்க, பிளஸ் கிரவுண்டு, அவுட்புட் 4.7 கே வழியா 3க்கு, அவுட்புட்டுக்கும் மைனஸுக்கும் நடுவுல 100 பிக்கோ. 5ஐ ஒண்ணாம் சிப்போட 3ல கட்டினா முடிஞ்சுது. 4ல 18 மில்லிவோல்ட் ஏறினா கரெண்ட் ரெட்டிப்பாகும், அதாவது ஒரு ஆக்டேவ். 4லேருந்து கிரவுண்டுக்கு 1.8 கே, கீபோர்டு வோல்ட்டேஜ் 100 கே வழியா, கட்டாஃப் குமிழ் பிளஸ் மைனஸ் 12க்கு நடுவுல மாட்டி நடுக்கால் 180 கே வழியா. 1.8 கே இடத்துல 2.2 கே பிரிசெட் (ஸ்க்ரூடிரைவரால திருப்புற குட்டிக் குமிழ்) போட்டா டியூன் பண்ண லேசா இருக்கும்.

வெளிய எடுக்கிறது நாலாம் சிப்போட 7, 10லேருந்து. அங்க 7.5 வோல்ட் நிக்கும், நமக்கு வேணுங்கிறது ரெண்டுக்கும் உள்ள மில்லிவோல்ட் வித்தியாசம் மட்டும்தான். டிஎல்074ல மூணு ஓப்ஆம்ப் எடுத்து இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப் கட்டுங்க, முதல் ரெண்டுக்கும் 10 கே ஃபீட்பேக், நடுவுல 1 கே, மூணாவதுக்கு 10 கேவும் 100 கேவும், எல்லாம் ஒரு சதவீத ரெசிஸ்டர். மொத்தம் 210 மடங்கு. கடைசியில 1 மைக்ரோ வச்சு வெளிய விடுங்க.

ரெசனன்ஸுக்கு (கட்டாஃப் பக்கத்துச் சத்தத்தைத் தூக்கிக் காட்டுறது) அந்த மூணாவது ஓப்ஆம்ப் அவுட்புட்லேருந்து 10 கே குமிழ், நடுக்கால்லேருந்து 10 மைக்ரோ (பிளஸ் பக்கம் சிப்பை நோக்கி), 10 கே, அங்கேருந்து ஒண்ணாம் சிப்போட 4. நாலு படியும் ஆளுக்கு 45 டிகிரி திருப்பி சத்தத்தை மொத்தம் நாலுல ஒண்ணாக் கொறைக்கும், நாம நாலு மடங்கு திருப்பிக் குடுத்தா ஃபில்ட்டர் தானே விசிலடிக்க ஆரம்பிக்கும். அந்த இடத்துல கனமான அடிச் சத்தம் அஞ்சுல ஒரு பங்கா இறங்கிரும், கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, இந்த ஏணியோட சுபாவமே அதுதான்.

ஈயம் வைக்கும்போது ஃபேனை அமத்துங்க, ஆடிக்காத்து அடிச்சா ஜன்னலையும் சாத்திருங்க, முனை ஆறி ஜாயின்ட் மங்கலா போயிரும். சிப்பை நேரா பத்த வைக்காம சாக்கெட் போடுங்க. சிப்பை மாட்டாம பவர் குடுத்து சங்கிலி வோல்ட்டேஜை அளந்து, அப்புறம் மாட்டி ஒவ்வொரு படியிலயும் 7ம் 10ம் பேஸை விட 0.6 கீழ இருக்கான்னும் ரெண்டும் சில மில்லிவோல்ட்டுக்குள்ள ஒண்ணா நிக்குதான்னும் பாத்துக்கிடுங்க. ஒரு படியில மட்டும் ஒதுங்கி நின்னா அந்தச் சிப்பைத்தான் மாத்தணும்.

டியூனுக்கு பதினஞ்சு நிமிசம் ஓட விட்டு ரெசனன்ஸை முழுசா ஏத்துங்க, விசில் வரும். கீபோர்டுல கீழ் சா, மேல் சா மாத்தி மாத்தி அமுக்கி விசிலும் சரியா ஒரு ஆக்டேவ் தாண்டுற வரைக்கும் பிரிசெட்டைப் பையத் திருப்புங்க. டிகிரிக்கு 0.33 சதவீதம் நழுவும், காலையில வச்சது மத்தியானம் கொஞ்சம் விலகியிருக்கும், 1.8 கே இடத்துல சூட்டுக்கு ஏத்த மாதிரி ஏறுற 3300 பிபிஎம் ரெசிஸ்டர் கிடைச்சு அஞ்சாவது சிப்பு முதுகுல ஒட்டி வச்சா பெரும்பாலும் நின்னுரும். கடைசியா ரெசனன்ஸை இறக்கிட்டு, உள்ள சத்தம் எதுவும் விடாம கட்டாஃப்புக்கு வேகமான எல்எஃப்ஓ (அதை ஏத்தி இறக்குற லோ ஃப்ரீக்வன்சி ஆசிலேட்டர்) குடுங்க. டொம் டொம்னு கேட்டா ஒண்ணாம் சிப்போட 2க்கு 470 கே வழியா ஒரு 100 கே பிரிசெட், ரெண்டு பக்கமும் பிளஸ் மைனஸ் 12, சத்தம் அடங்குற இடத்துல நிறுத்திருங்க.