பந்தயக் காரில் கேம்பர் சரிசெய்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதுதான் கேம்பர். மேல்விளிம்பு காரை நோக்கிச் சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். வளைவில் கார் வெளிப்பக்கம் சரியும்போது, அதிகப் பாரம் தாங்கும் வெளிச்சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. டயர் தன் வெளி ஓரத்தில் நின்று தேய்கிறது. முன்கூட்டியே நெகட்டிவ் வைத்திருந்தால் அந்த நொடியில் டயர் அகலம் முழுவதும் தரையில் பதியும். (இடப்புறம் மட்டுமே திரும்பும் ஓவல் தடங்களில் எப்போதும் வளைவின் உட்பக்கம் இருக்கும் இடது முன்சக்கரத்துக்குப் பாசிட்டிவ் வைப்பதும் இதே காரணத்தால்தான்.)

முதலில் அளவு. இதில் அவசரப்படவே கூடாது. சமதளத்தில் காரை நிறுத்துங்கள். தரை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வும் அளவில் சேர்ந்துவிடும். காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஓட்டுநரின் எடைக்கு ஈடான பாரத்தை இருக்கையில் ஏற்றுங்கள். டிஜிட்டல் கேம்பர் மானி இல்லையென்றால் தூக்குக்குண்டு போதும். நூலைச் சக்கரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து கழியுங்கள். விளிம்புகளுக்கிடையே 400 மி.மீ. உயரம் இருந்தால், 7 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி.

அடுத்து, திருத்தம். நெகட்டிவைக் கூட்ட, ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் வகை) மேல்முனையில் உள்ள கேம்பர் பிளேட்டைத் தளர்த்தி உள்ளே நகர்த்த வேண்டும். இரட்டை விஷ்போன் வகையில் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் வகை) பெரும்பாலும் ஷிம் எனும் மெல்லிய தகடுகளைச் சேர்ப்பதோ எடுப்பதோ. சாலைக் காரைத் தடத்துக்குத் தயார்செய்பவர்கள் முன்சக்கரங்களுக்கு −2 டிகிரியில் தொடங்கலாம். போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு முடுக்குங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டிய பிறகே மறுபடி அளக்க வேண்டும். இறக்கும்போது டயர் பக்கவாட்டில் இறுகி நின்றுவிடுவதால் அதற்கு முன் வரும் அளவு பொய்யானது. டோவையும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கட்டாயம் பாருங்கள். கேம்பர் மாறினால் பெரும்பாலும் அதுவும் மாறும்.

இனி டயரிடமே கேட்போம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நன்றாகச் சூடேறும்வரை சில சுற்றுகள் வேகமாக ஓட்டிவிட்டு உடனே பிட்டுக்கு (தடத்தின் ஓரப் பணியிடத்துக்கு) வந்து, ஊசி முனை கொண்ட வெப்பமானியை ரப்பரில் குத்தி உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளி ஓரம் அதிகம் சுட்டால் நெகட்டிவ் போதவில்லை. உள் ஓரம் சற்றே கூடுதலாகச் சுடுவது இயல்பு, ஏனெனில் நேர்ப்பாதையில் அந்த ஓரத்தின் மீதுதான் கார் ஓடுகிறது; 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கலாம். அதைவிட வெகுவாக மிஞ்சினால் குறையுங்கள். நடுப்பகுதி மட்டும் சுட்டால் கோளாறு கேம்பரில் இல்லை, காற்றழுத்தம் அதிகம்.

ஒவ்வொரு முறையும் அரை டிகிரி மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். வளைவில் பிடிப்பு கூடியும், பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொள்ளத் தொடங்கினால், அரை டிகிரி பின்வாங்கிவிட்டுக் கேஸ்டரை (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் திரும்பும்போது மட்டும் வெளிச்சக்கரத்துக்கு அது கூடுதல் நெகட்டிவ் தரும்.