ராணியைத் தேடாதீர்கள், எதிராளியே கொண்டுவரட்டும்: ஒரு ஆறு ஸ்பேட் ஆட்டம்

போன மாதம் பிரிட்ஜ் ஆட்டத்தில் ஆறு ஸ்பேட் (ஸ்பேட் துருப்பு, 12 பிடி எடுக்க வேண்டும்) கேட்டு ஒரு பிடி குறைந்து தோற்றேன். வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடும் நிலை) இல்லாத ஆட்டம். 980 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 50. எதிரே இருந்த கூட்டாளி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அதே சீட்டுகளை மேசையில் பரப்பி ஆடினேன், மறுபடியும் தோற்றேன்! மூன்றாவது முறைதான் விஷயம் பிடிபட்டது. அதை எழுதி வைக்கிறேன்.

பிரிட்ஜின் அடிப்படை தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: ஜாக்கே பெரிய சீட்டாக இருக்கும் 304 ஆடிப் பழகியவர்களுக்கு ஜாக்கைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். இங்கே ஏஸ், ராஜா, ராணிக்குப் பிறகுதான் ஜாக்.

டம்மி (வடக்கு: மேசையில் திறந்து வைத்த கூட்டாளி கை, அதையும் நானே ஆடுவேன்)
ஸ்பேட்: ராணி, 10, 8, 4
ஹார்ட்: ராஜா, 8, 3
டைமண்ட்: ஏஸ், 10, 6
கிளாவர்: ராஜா, 8, 3

என் கை (தெற்கு)
ஸ்பேட்: ஏஸ், ராஜா, ஜாக், 9, 6
ஹார்ட்: ஏஸ், 5
டைமண்ட்: ராஜா, ஜாக், 4
கிளாவர்: ஏஸ், 7, 4

இரண்டு கையிலும் சேர்த்து பெரிய சீட்டுகளுக்கு 32 புள்ளி, 9 துருப்பு. ஆறுக்குப் போனதில் தவறில்லை. மேற்கு ஹார்ட் ராணியை இறக்கினார்.

படி 1: டம்மியைத் தொடாதீர்கள்

முதல் சீட்டு விழுந்ததும் டம்மியிலிருந்து எதையோ எடுத்துப் போடுவது எல்லோருக்கும் உள்ள வியாதி. கையைக் கட்டிக்கொண்டு எண்ணுங்கள். ஸ்பேட் 5, ஹார்ட் 2, கிளாவர் 2, டைமண்ட் 2. மொத்தம் 11. இன்னும் ஒன்று வேண்டும்.

இழக்கப் போவது என்ன? மூன்றாவது கிளாவர் போயே தீரும், தப்பிக்க வழியில்லை. மீதிக் கவலை டைமண்ட் ராணி ஒன்றுதான். அது மேற்கிடம் இருந்தால் என் கையிலிருந்து சின்னதை ஆடி டம்மியின் 10-ஐப் போடலாம். கிழக்கிடம் இருந்தால் டம்மியிலிருந்து ஆடி என் ஜாக்கைப் போடலாம். எந்தப் பக்கம்? பூவா தலையா.

நான் அன்றைக்குக் கிழக்கிடம் இருக்கும் என்று நினைத்தேன். ராணி மேற்கிடம் இருந்தது.

படி 2: முதல் பிடியை கையில் எடுங்கள்

ஹார்ட் ஏஸால் எடுங்கள், ராஜா டம்மியில் இருக்கட்டும். பிறகு ராஜாவால் டம்மிக்குப் போய், அங்கிருந்தே மூன்றாவது ஹார்ட்டை ஆடி என் கையில் வெட்ட வேண்டும். முதலிலேயே ராஜாவைப் போட்டுவிட்டாலும் ஆட்டம் கெட்டுவிடாது, ஆனால் டம்மிக்குத் திரும்ப இன்னொரு வழி தேட வேண்டிவரும்.

படி 3: துருப்பை எடுங்கள், ஆனால் எண்ணி எடுங்கள்

வீட்டில் நான் தோற்றது இங்கேதான். எதிராளிகளிடம் இருப்பவை 7, 5, 3, 2 என்று நான்கே நான்கு. அன்று அவை 3-1 ஆகப் பிரிந்திருந்தன. மூன்று சுற்றில் எல்லாம் வந்துவிட்டது. நானோ பழக்கத்தில், 'இன்னும் ஒன்று போட்டுவிடுவோம்' என்று நான்காவது சுற்றும் ஆடினேன். அதில் டம்மியின் கடைசித் துருப்பு போய்விட்டது. எதிராளியின் துருப்பு தீர்ந்த நொடியில் நிறுத்துங்கள். டம்மியில் ஒன்று, உங்கள் கையில் இரண்டு மிஞ்ச வேண்டும். (2-2 ஆகப் பிரிந்திருந்தால் இரண்டே சுற்று.) ஏன் மிஞ்ச வேண்டும் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

என் வழி: எதிராளி துருப்பு ஒவ்வொன்றும் விழும்போது மனதுக்குள் 'நாலு, மூணு, ரெண்டு' என்று இறங்கு வரிசையில் எண்ணுவது. பதின்மூன்றிலிருந்து கழிப்பதைவிட இது எனக்குச் சுலபம்.

படி 4: ஹார்ட்டையும் கிளாவரையும் துடைத்துவிடுங்கள்

ஹார்ட் 5-ஐ டம்மியின் ராஜாவுக்கு ஆடுங்கள். அங்கிருந்து மூன்றாவது ஹார்ட். அதை என் கையில் வெட்டு. அப்புறம் கிளாவர் ஏஸ், கிளாவர் ராஜா. இப்போது மூன்றாவது கிளாவரை ஆடி, அந்தப் பிடியை மனமாரக் கொடுத்துவிடுங்கள். எப்படியும் போகவேண்டிய பிடிதானே, போகும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான். யார் எடுத்தாலும் சரி.

படி 5: இனி அவர்கள் பாடு

எட்டு பிடி நம்மிடம், ஒன்று அவர்களிடம், ஆளுக்கு நான்கு சீட்டு பாக்கி. நம் இரண்டு கையிலும் ஒரு துருப்பும் மூன்று டைமண்டும்தான் இருக்கின்றன. எதிராளி ஆட வேண்டும்.

அவர் டைமண்ட் ஆடினால், இரண்டாவதாக ஆடும் நம் கையிலிருந்து சின்னதைப் போடுங்கள். மூன்றாவதாக ஆடுபவர் ராணியைப் போட்டால் ஏஸோ ராஜாவோ அதை விழுங்கும். போடாவிட்டால் 10 அல்லது ஜாக்கே பிடியை எடுத்துவிடும். முதல் ஆளே ராணியை இறக்கினால் தலைவலியே இல்லை.

ஹார்ட்டோ கிளாவரோ ஆடினால்? நம் இருவரிடமும் அந்த இனமே கிடையாது. டம்மியில் வெட்டுங்கள், கையிலிருந்து டைமண்ட் 4-ஐக் கழித்துவிடுங்கள். பிறகு டைமண்ட் ராஜா, ஏஸ், மூன்றாவது டைமண்டைக் கையில் வெட்டு. பன்னிரண்டு பிடி, ராணி யாரிடம் இருந்தது என்று தெரியாமலே! டம்மியில் துருப்பு வேண்டும் என்றேனே, இதற்குத்தான். வீட்டு ஆட்டத்தில் அது இல்லாததால் மேற்கு ஒரு ஹார்ட்டை ஆடிப் பிடியைத் தட்டிக்கொண்டு போனார்.

பழக எது நல்லது என்றால், முதலில் நிஜச் சீட்டுக்கட்டு. அதன் பிறகு பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் உள்ள பிரிட்ஜ் மாஸ்டர். சரியான திட்டத்தைத் தவிர வேறு எதை ஆடினாலும் அது தோற்கடித்துவிடும், அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. நான்கு கையையும் பார்த்துக் கணக்குப் போடும் மென்பொருளை ஆரம்பத்தில் நம்பாதீர்கள். ராணி எங்கே என்று அதற்குத் தெரியும், அதனால் நான் தோற்ற ஆட்டத்தில் 'ஃபினெஸும் (ராணி இருக்கும் பக்கத்தை யூகித்து ஆடுவதும்) சரிதான், மேற்குப் பக்கம் எடுத்திருக்கலாம்' என்கிறது. அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், 'ராணி தனியாக விழுகிறதா என்று டைமண்ட் ஏஸ், ராஜா இரண்டையும் முதலில் ஆடிப் பார்த்தால் என்ன?' என்று கேட்டார். வேண்டாம். விழாவிட்டால் மூன்றாவது கிளாவரை எடுப்பவர் அடுத்து ராணியையும் எடுத்துக்கொள்ளலாம். டைமண்டை நாம் தொடவே கூடாது.

இன்னொன்று: நான்கு துருப்பும் ஒரே எதிராளியிடம் இருந்தால்? எனக்குத் தோன்றவே இல்லை, கேட்டவருக்கு நன்றி. 2-2 பிரிவு 40.7 சதவீதம், 3-1 பிரிவு 49.7, மீதி 9.6 சதவீதம் 4-0. அப்போது நான்கு சுற்றும் எடுத்தாக வேண்டும், டம்மியில் துருப்பு மிஞ்சாது, மேலே சொன்ன வழி நடக்காது. டைமண்ட் ராணியை யூகிக்க வேண்டியதுதான். ஆனால் குருட்டு யூகம் இல்லை. நான்கு ஸ்பேட் வைத்திருப்பவரிடம் மற்ற இனங்களுக்கு 9 இடம்தான், ஸ்பேடே இல்லாதவரிடம் 13. வேறு தகவல் இல்லையென்றால் ஸ்பேட் இல்லாதவரிடம் ராணி இருப்பதாக வைத்து ஆடுங்கள்.