ரெக்கார்டு பிளேயரின் ரெண்டு கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய முனையை) ஒப்பிடும் முன்

முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள், கொஞ்சம் சத்தமாகக் கேட்பதுதான் காதுக்கு நன்றாகப் படும், பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஆர்ட்டோஃபோன் 2எம் பிளாக் கார்ட்ரிட்ஜ் தரும் சிக்னல் 5 மில்லிவோல்ட், டெனான் டிஎல்-103 வெறும் 0.3. ஆகவே டெனானுக்கு எம்.சி. (மூவிங் காயில்) வகைக்கு ஏற்ற ஃபோனோ ஸ்டேஜ், அதாவது கார்ட்ரிட்ஜின் சிக்னலைப் பெருக்கும் கருவி, கட்டாயம். அதைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் கனமாக இருந்தால் நல்லது. ஊசி அழுத்தமும் வேறு: ஆர்ட்டோஃபோனுக்கு 1.5 கிராம், டெனானுக்கு 2.5. சின்னத் தராசில் அளந்துவிடுங்கள், ஆர்மில் போட்டிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை.

அப்புறம் ஒரே இசைத்தட்டில், லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டை இரண்டிலும் கேளுங்கள். சுற்று வேகம் அதேதான், ஆனால் உள்வட்டம் சின்னது என்பதால் அதே ஒலி குறுகிய இடத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். டெனானின் கூம்பு ஊசி அங்கே 'ஸ' வரும்போதெல்லாம் கரகரக்கும், ஆர்ட்டோஃபோனின் மெல்லிய விளிம்புள்ள ஷிபாட்டா ஊசி சமாளித்துவிடும். ஆனாலும் குரலுக்கு என் ஓட்டு டெனானுக்குத்தான்.