அலை கொத்தும் விரிகுடாவுக்கு எந்தப் பாய்?

விண்ட்சர்ஃபிங்குக்கு, அதாவது பாய் பூட்டிய பலகையில் நின்று நீரில் ஓடும் விளையாட்டுக்கு, பாய் வாங்கும்போது பலரும் காற்றின் வேகத்தை மட்டுமே பார்க்கிறார்கள். விரிகுடாவுக்கு அது போதாது. அங்கே அலைகள் குட்டையாக, நெருக்கமாக, கோணல்மாணலாக வரும். ஒவ்வொன்றிலும் பலகை முட்டி வேகம் குறையும். அந்தக் கணமே பாயின் இழுவை கூடி உங்களை முன்னே தூக்கி எறியப் பார்க்கும்.

அதனால் ஓர் அளவு இறங்குங்கள். தட்டையான நீரில் 7.0 சதுர மீட்டர் விரிப்பவர் இங்கே 6.5 எடுத்தால் இழப்பு கொஞ்சம்தான். கட்டுப்பாடோ நிறையக் கிடைக்கும்.

கேம்பர் (பாயின் வளைவைக் காக்கும் துண்டு) பூட்டிய பந்தயப் பாய் நேர்கோட்டில் அருமையாக ஓடும். ஆனால் கனம் அதிகம். விழுந்தால் மாஸ்ட் என்னும் பாய்க்கம்பம் நுழையும் அகலமான உறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் முதுகு கழன்றுவிடும். கேம்பர் இல்லாத, ஐந்து பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் குறுக்குச் சட்டம்) கொண்ட பாயையே நான் தேர்ந்தெடுப்பேன். நான்கு பேட்டன் பாய் கைக்கு இன்னும் இலகு, ஆனால் காற்று வலுத்தால் வடிவம் குலையத் தொடங்கும்.

பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் கயிற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். மேற்பகுதியின் பின்விளிம்பு தொளதொளவென்று தளர வேண்டும். கரையில் பார்க்க அழகாக இருக்காது. ஆனால் திடீரென அடிக்கும் காற்று அந்த வழியாகத்தான் வழிந்துபோகும். பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு) முனையில் கட்டும் கயிறு இதற்கு நேர்மாறு: அதை அதிகம் இழுத்தால் பாய் தட்டையாகி, அலையைத் தாண்டிச் செல்லும் உந்துவிசை போய்விடும்.

பாயில் அச்சிட்டிருக்கும் மாஸ்ட் நீளத்தையும் வளைவு வகையையும் பார்த்தே மாஸ்ட் வாங்குங்கள்.