கடல் பயத்தைப் படிப்படியாகக் குறைப்பது எப்படி?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே தலைவைக்காதவர்கள் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடியிலும் நாவலடியிலும் கல்முனையிலும் இன்றும் இருக்கிறார்கள். "கடல் ஒன்றும் செய்யாது" என்று எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பயம் அசையாது. உடம்பு நேரில் கண்டுதான் நம்பும். அதனால் நடத்தைச் சிகிச்சையில், பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகப் போய் அங்கே தங்கிப் பழகச் சொல்வார்கள்.

ஒரு கொப்பியில் எட்டுப் பத்துப் படிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயப் புள்ளி போடுங்கள். இந்த அளவுகோலைத் தந்தவர் மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே. கடல் வீடியோ பார்ப்பது 20, இரைச்சல் கேட்கும் ஒழுங்கையில் நிற்பது 35, தோணிகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்காருவது 55, ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பது 75, கணுக்கால் நனைவது 90 என்று உங்கள் ஏணி போகலாம். 30, 40 புள்ளிப் படியில் தொடங்குங்கள்.

போகுமுன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதுங்கள்: "அலை ஏறி வரும், ஓட ஏலாது." அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளியைக் குறியுங்கள். உச்சத்தில் இருந்த புள்ளி ஏறக்குறையப் பாதியாகும்வரை இருங்கள். முக்கால் மணித்தியாலம்கூடப் பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் உண்மையில் நடந்ததை அந்த வரிக்குக் கீழே எழுதுங்கள். கிழமைக்கு மூன்று நான்கு நாள் செய்யவேண்டும். மாதம் ஒருமுறை போய்ப் பயனில்லை.

பயம் உச்சத்தில் நிற்கும்போது கிளம்புவதால்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. ஓடியதால் தப்பினேன் என்று மனம் பதிந்துகொள்ளும். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட்டில் வைத்திருப்பது, மகனின் கையை இறுக்கிப் பிடிப்பது, போனையே பார்ப்பது எல்லாம் அதே கணக்குத்தான். துணைக்கு ஆள் வரட்டும், ஆனால் தள்ளி நிற்கட்டும். மாரிகாலக் கொந்தளிப்பில் போகாதீர்கள்; அந்தப் பயம் நியாயமானது.

அன்றைய காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வந்தால், கனவில் அலறி எழும்பினால், இதைத் தனியாகச் செய்யவேண்டாம். அப்படியானால் பயிற்சி பெற்ற சிகிச்சையாளருடன் நினைவையே எடுத்துப் பேசவேண்டும். கதைவழி வெளிப்படுத்தல் சிகிச்சையில் (Narrative Exposure Therapy) ஒரு கயிற்றை விரித்து, பிறப்பிலிருந்து வரிசையாக நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கல்லாகப் பேசுவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவில் கேட்கலாம், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம்.