கொசுவுல வைரஸ் தேடுறப்போ எங்க கோட்டை விடுறோம்

சிட்டிக்குள்ள கொசு புடிச்சு அதுல டெங்கு, ஜிகா, வெஸ்ட் நைல் வைரஸ் இருக்கான்னு பாக்குற வேலையில பாதி தப்பு லேபுக்குப் போறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடுது, ரிப்போர்ட் கைக்கு வந்தப்புறம் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

மொதல்ல ட்ராப். டெங்கு பரப்புற ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, நீங்க ராத்திரி லைட் ட்ராப் மாட்டுனா வந்து விழுறது பெரும்பாலும் கியூலெக்ஸ்ங்கிற வேற வகைக் கொசுதான், அத டெஸ்ட் பண்ணிட்டு டெங்கு இல்லன்னு எழுதுனா என்ன பிரயோஜனம்? ஏடிஸ்க்கு மனுஷ வாசனைய காட்டி இழுக்குற பிஜி சென்டினல் ட்ராப் வைங்க. வெஸ்ட் நைல் தேடுறீங்கன்னா நாத்தத்தண்ணி வச்ச கிராவிட் ட்ராப், அதுல முட்டையிட வர்ற கியூலெக்ஸ் ஏற்கனவே ரத்தம் குடிச்சது, வைரஸ் இருக்க வாய்ப்பும் அதுக்குத்தான் ஜாஸ்தி.

அடுத்தது சூடு. டெஸ்ட்ல நாம தேடுறது வைரஸோட மரபுப்பொருளான ஆர்என்ஏவ, அது சீக்கிரம் சிதைஞ்சிடும், வெயில்ல கெடந்த ட்ராப் பைய மத்தியானம் போய் எடுக்காதீங்க, காலையிலயே எடுத்து ஐஸ் பாக்ஸ்ல போட்டுடுங்க, ரொம்ப நாள் வைக்கணும்னா மைனஸ் 80 டிகிரி. ஆனா கொசு மேல ஈரம் படக்கூடாது, முதுகுல இருக்குற செதில் ஒட்டிக்கிட்டுப் போயிடும். ஏடிஸ்லயே ரெண்டு இனம் இருக்கு, யாழ் மாதிரி வளைஞ்ச வெள்ளைக்கோடு இருந்தா ஈஜிப்டை, நடுவுல ஒரே கோடுன்னா ஆல்போபிக்டஸ், அந்த செதில் போயிட்டா ரெண்டையும் பிரிக்கிறது பெரும்பாடு. பிரிக்கிறதையும் ஜில்லுன்னு இருக்குற தட்டு மேல வச்சே செய்ங்க. உணர்கொம்பு பொசுபொசுன்னு இருந்தா ஆண் கொசு, தனியா எடுத்துடுங்க. வயிறு செவப்பா உப்பியிருக்கிற பொண்ணு கொசுவையும் தனியா வைங்க, ஏன்னா அதுல கெடைக்கிற வைரஸ் அது குடிச்ச ரத்தத்துல இருந்ததாவும் இருக்கலாம், அத வச்சு இந்தக் கொசுதான் பரப்புதுன்னு சொல்ல முடியாது.

கொசுவ ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணாம கும்பலா சேத்துப் பண்ணுவோம், அந்தக் கும்பலுக்குத்தான் பூல்னு பேரு. ஒரு பூல்ல ஒரே இனம், ஒரே இடம், ஒரே தேதி, அதிகபட்சம் 50 கொசு. எண்ணாம அள்ளிப் போட்டுட்டா அப்புறம் கணக்கே போட முடியாது. ரெண்டு பூல் பாசிட்டிவ்னு மட்டும் சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல, ஒரு பாசிட்டிவ் பூலுக்கு கொறஞ்சது ஒரு கொசுன்னு வச்சுக்கிட்டா, 500 கொசுவுல ரெண்டுன்னா ஆயிரத்துக்கு 4, 5000 கொசுவுல ரெண்டுன்னா ஆயிரத்துக்கு 0.4, பத்து மடங்கு வித்தியாசம் பாருங்க!

எனக்கு ரொம்ப பயமா இருக்குறது நெகட்டிவ் ரிசல்ட்ட பாத்து நிம்மதியாகுறதுதான். ஆயிரம் கொசுவுல ஒண்ணுக்குத்தான் வைரஸ் இருக்குன்னு வைங்க, நீங்க 100 கொசு டெஸ்ட் பண்ணுனா பத்து தடவையில ஒம்பது தடவை நெகட்டிவ்தான் வரும், வைரஸ் பாட்டுக்கு ஊருக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கும். டெங்குல கொசுவுக்குள்ள தொற்று ரொம்ப கம்மியாத்தான் இருக்கும், அதனால காய்ச்சல் கேஸ் எங்க வருதுங்கிறதையும் பக்கத்துலயே வச்சுப் பாக்கணும். தொட்டித் தண்ணியில லார்வா எண்ணுறது வேற வேலை, அது கொசு எவ்ளோ பெருகுதுன்னு சொல்லும், வைரஸ் இருக்கான்னு சொல்லாது.

பாசிட்டிவ் வந்தா மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்குன்னு வச்சிக்கிட்டு இருக்காதீங்க. ரத்தத்தோட உள்ள போன வைரஸ் எட்டுலேர்ந்து பன்னண்டு நாளுக்குள்ள எச்சிலுக்கு வந்துடும், அப்புறம் அந்தக் கொசு சாகுற வரைக்கும் பரப்பும், அதனால அன்னைக்கே கொசு ஒழிப்பு டீமுக்கு ஃபோன் போட்டு எந்தத் தெருன்னு சொல்லிடுங்க.